அண்டார்க்டிக் கிரில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திமிங்கலத்தைப் பற்றி எப்போது எழுதினாலும், வருகிற கேள்விகளில் பாதி அதன் சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கிறது. அதனால் அது தின்னும் இறால் போன்ற சின்ன உயிரான கிரிலுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம். உலகக் கடல்களில் எண்பத்தைந்துக்கும் மேற்பட்ட கிரில் இனங்கள் உண்டு. இங்கே பேசுவது பெரும்பாலும் அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும்: தென்துருவக் கடலில் வாழும் யூபாசியா சூப்பர்பா.

கிரில் என்பது நம் ஊர்க் கூனிதானே?

இல்லை. ஆனால் அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. கருவாட்டுக் கடையில் அளந்து போடும் கூனியை, சிலர் சென்னாக்கூனி என்பார்கள், ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். நகத்தளவு உடம்பு, மிளகைக் கிள்ளி வைத்தது போலக் கருப்புக் கண்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட மீசைகள். கிரிலுக்கும் இதே முகச்சாயல்தான். உறவு முறை மட்டும் வேறு. கூனி இறால் கூட்டத்தைச் சேர்ந்தது; கிரில் தனி வரிசை.

அடையாளம் காண எளிய வழி செவுள். இறாலுக்குத் தலை ஓட்டைக் கழற்றினால்தான் செவுள் தெரியும். கிரிலுக்கு அது ஓட்டுக்கு வெளியே, கால்கள் தொடங்கும் இடத்தில், சின்னச் சின்ன இறகுக் கொத்துகளாகத் தொங்கும். அளவிலும் அண்டார்க்டிக் கிரில் பெரியது. நன்றாக வளர்ந்தது 6 சென்டிமீட்டர் நீளம், 2 கிராம் எடை வரை வரும். உயிரோடு இருக்கும்போது உடம்பு கண்ணாடி போல இருக்கும், மேலே சிவப்புப் பொட்டுகள். பாசி தின்றிருந்தால் வயிறு பச்சையாக வெளியே தெரியும். போதாக்குறைக்கு உடம்பில் பத்து விளக்குகள் உண்டு. கண் காம்புகளிலும் மார்பிலும் வயிற்றின் அடியிலும் உள்ள அந்த உறுப்புகள் நீல ஒளி வீசும்.

பெயர் எங்கிருந்து வந்தது?

நார்வே மொழியிலிருந்து. அங்கே 'கிரில்' என்றால் பொடிமீன். திமிங்கலம் பிடிக்கப் போனவர்கள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

மொத்தம் எவ்வளவு இருக்கிறது?

அடிக்கடி சொல்லப்படும் கணக்கு 37.9 கோடி டன். 2009இல் வெளியான மதிப்பீடு அது. உலக மக்கள் எல்லோரையும் தராசில் ஏற்றினால் வரும் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், இந்த எண்ணைப் படிக்கும் யாருக்கும் 'அவ்வளவு இருக்கிறதா, அப்புறம் என்ன கவலை?' என்றுதான் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் கிரில் விஷயத்தில் 'எவ்வளவு' என்பதைவிட 'எங்கே' என்பதுதான் பெரிய கேள்வி. இது கடல் முழுக்க ஒரே சீராகப் பரவி இருப்பதில்லை. பாதிக்கு மேல் அட்லாண்டிக் பக்கம், அண்டார்க்டிக் தீபகற்பத்துக்கும் தெற்கு ஜார்ஜியா தீவுக்கும் இடைப்பட்ட கடலில் குவிந்திருக்கிறது. அந்தப் பகுதியில் 2000இல் நடந்த கணக்கெடுப்பில் சுமார் 6 கோடி டன். 2019இல் மறுபடி எண்ணியபோது 6.26 கோடி டன். (கணக்கிடும் முறை வேறு என்பதால் இவற்றை அந்த 37.9 கோடியோடு நேராக ஒப்பிட முடியாது.) அதற்குள்ளும் ஒரு கூட்டத்தில் லட்சக்கணக்கான டன், அடுத்த பல மைலுக்கு ஒன்றும் இல்லை என்கிற கதைதான். பென்குயினும் சீலும் திமிங்கலமும் மீன்பிடிக் கப்பலும் ஒரே இடத்துக்கு வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். இனி வரும் பல பதில்களும் இதையே சுற்றிச் சுற்றி வரும்.

இவ்வளவு சின்ன உயிரைக் கடலில் எப்படி எண்ணுகிறார்கள்?

ஒலியால். கப்பலின் அடிப்பகுதியில் உள்ள எக்கோ சவுண்டர் கீழ்நோக்கி ஒலி அனுப்பும். எதிரே எதில் பட்டாலும் எதிரொலி திரும்பி வரும். மீனவர்கள் மீன் தேடப் பயன்படுத்தும் அதே தத்துவம்தான். கிரிலுக்கு 120 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை நன்றாக வேலை செய்யும். அதையும் 38 கிலோஹெர்ட்ஸில் கேட்பதையும் ஒப்பிட்டால், வந்த எதிரொலி கிரிலுடையதா மீனுடையதா என்று பிரித்தறியலாம். திரையில் கிரில் கூட்டம் மை கொட்டிய கறை மாதிரித் தெரியும். பிறகு வலையை இறக்கி, மேலே வந்ததை ஒவ்வொன்றாக அளந்து, எதிரொலியை எடையாக மாற்றுவார்கள்.

இதில் ஓட்டைகள் உண்டு. கருவி கப்பலின் அடியில் இருப்பதால் மேல்மட்டத்துத் தண்ணீர் அதன் கண்ணில் படாது. கடல்பனிக்கு அடியில் கப்பல் போக முடியாது. கிரில் பொதுவாக மேல் 200 மீட்டருக்குள்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் 2008இல் ஆட்டம் கண்டது. தீபகற்பத்தை ஒட்டி ஆழ்கடலில் இறக்கிய ஒரு இயந்திரத்தின் கேமராவில், 3000 மீட்டருக்கும் கீழே, கடல் தரையில் இரை தேடிக்கொண்டிருந்த கிரில்கள் பதிவாயின. முட்டை சுமந்த பெண் கிரில்களும் அங்கே இருந்தன.

கிரிலுக்கு வயது எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விதான் ஆய்வாளர்களைப் பல காலம் பாடாய்ப் படுத்தியது. மீனுக்குச் செதிலிலும் காதுக் கல்லிலும் ஆண்டு வளையம் விழும். கிரிலோ நண்டைப் போலச் சட்டை உரிக்கும் உயிர், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உரித்துக்கொண்டே இருக்கும். ஓட்டில் எழுதிய கணக்கு எல்லாம் ஓட்டோடு போய்விடும்.

சரி, உடம்பின் நீளத்தை வைத்துச் சொல்லலாமே என்றால் அதுவும் முடியாது. 1982இல் வெளியான ஒரு சோதனையில் கிரில்களைச் சாப்பாடே போடாமல் 211 நாள் உயிரோடு வைத்திருந்தார்கள். அவை சாகவில்லை, சுருங்கின. ஒவ்வொரு முறை சட்டை உரித்தபோதும் முன்னதைவிடச் சின்ன உடம்பாக வெளியே வந்தன. ஓடே சுருங்குகிற விலங்கு என்று இதைச் சொல்லலாம். குளிர்காலத்தில் தாக்குப்பிடிக்க இது ஒரு வழியாக இருக்கிறது. அதன் விளைவு, 4 சென்டிமீட்டர் கிரில் ஒன்று வலையில் வந்தால் அது வளர்ந்துகொண்டிருக்கும் இளசா, சுருங்கிப்போன கிழடா என்று நீளத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. வயது தெரியாமல் ஆண்டுக்கு எத்தனை சாகின்றன என்ற கணக்கைப் போட முடியாது. அது இல்லாமல் எவ்வளவு பிடிக்கலாம் என்றும் சொல்ல முடியாது.

வழி கண் காம்பில் கிடைத்தது. கண்ணைத் தாங்கும் அந்தக் காம்பை மெல்லிய துண்டாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் வளையம் போலக் கோடுகள் தெரிகின்றன. ஆண்டுக்கு ஒரு கோடு என்பதை உறுதிப்படுத்த வயது தெரிந்த கிரில் வேண்டுமே? ஆஸ்திரேலிய அண்டார்க்டிக் பிரிவு, டாஸ்மேனியாவில் ஹோபார்ட்டுக்குப் பக்கத்திலுள்ள கிங்ஸ்டனில், குளிர்நீர்த் தொட்டிகளில் பல ஆண்டுகளாகக் கிரில் வளர்த்துவருகிறது. சோ கவகுச்சி அந்தப் பணியை நடத்துபவர். தொட்டியில் வளர்ந்தவற்றோடு ஒப்பிட்டு 2017இல் இந்த முறையை வெளியிட்டார்கள். கிரில் ஐந்து, ஆறு ஆண்டுகள் வாழும். இந்த அளவு உடம்புக்கு அது நீண்ட ஆயுள்.

என்ன சாப்பிடும்?

முக்கியமாக டயட்டம் போன்ற மிதக்கும் நுண்பாசிகள். முன்னங்கால்கள் ஆறு ஜோடி சேர்ந்து ஒரு கூடை ஆகும். கால்களில் உள்ள முடிகள் சல்லடை. கூடையை விரித்தால் தண்ணீர் உள்ளே வரும், மூடினால் தண்ணீர் வெளியேறிப் பாசி தங்கும். சிறு மிதவை உயிர்களையும் விடாது. குளிர்காலத்தில் கடல் மேல் வெளிச்சம் இல்லை, பாசியும் இல்லை. அப்போது பனிக்கட்டியின் அடிப்பரப்பில் ஒட்டி வளரும் பாசியை, தலைகீழாக நின்றுகொண்டு, தேங்காய் துருவுகிற மாதிரிச் சுரண்டித் தின்னும். பெரியவற்றுக்குப் பட்டினி கிடக்கத் தெரியும். குஞ்சுகளுக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு இல்லை. முதல் குளிர்காலத்தைத் தாண்ட அவற்றுக்குப் பனிக்கூரை வேண்டும்.

முட்டை எங்கே இடுகிறது?

கோடையில், மேல்மட்டத்துத் தண்ணீரில். ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில். முட்டை மிதக்காது, மூழ்கும். சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பொரியும். பொரிந்து வரும் குஞ்சுக்கு வாய் இல்லை. கருவோடு கொண்டுவந்த மஞ்சளை மட்டும் எரித்துக்கொண்டு, வழியில் பலமுறை உருமாறி, அந்த ஆயிரம் மீட்டரையும் நீந்தி மேலே வர வேண்டும். வாய் திறக்கும் பருவத்தில் மேலே பாசி இருந்தால் பிழைத்தது. மஞ்சள் முதலில் தீர்ந்துபோனால் கதை முடிந்தது.

இனச்சேர்க்கை மேல்மட்டத்தில்தான் நடக்கிறது என்று நம்பியிருந்தார்கள். 400 முதல் 700 மீட்டர் ஆழத்தில், கடல் தரைக்கு அருகே அது நடப்பதைக் கேமரா பிடித்த செய்தி 2011இல் வெளியானது.

ஏன் இப்படிக் கூட்டமாகத் திரிகிறது?

தனியாக மாட்டினால் தின்னப்படும் வாய்ப்பு அதிகம் என்பது ஒரு காரணம். அடர்ந்த கூட்டத்தில் ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு 10,000 முதல் 30,000 வரை இருக்கும். ஒரு சின்ன நீர்த்தொட்டிக்குள் அத்தனை உயிர், அதுவும் ஒன்றோடொன்று மோதாமல். உடம்பு தண்ணீரைவிடக் கனம் என்பதால் நீச்சலை நிறுத்தினால் மூழ்கிவிடும். வாழ்நாள் முழுக்கத் துடுப்பு போட்டாக வேண்டும். ஆபத்து வந்தால் வாலை மடக்கி அடித்துப் பின்பக்கமாகத் தெறித்து ஓடும். சில சமயம் அந்த நொடியிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். எதிரி வெறும் சட்டையைக் கவ்விக்கொண்டு நிற்கும்.

யார் யாரெல்லாம் இதை நம்பி இருக்கிறார்கள்?

கேட்டால் பட்டியல் நீளும். அடேலி, ஜென்டூ, சின்ஸ்ட்ராப் பென்குயின்கள், கடற்பறவைகள், மீன்கள், கணவாய்கள். 'நண்டுதின்னி' என்று பெயர் வாங்கிய சீல் ஒன்று உண்டு. அது நண்டைத் தொடுவதுகூட இல்லை. அதன் பற்களில் கிளை கிளையாக வெட்டு விழுந்திருக்கும். வாய் நிறையத் தண்ணீரோடு கிரிலை எடுத்து, பல்லைக் கடித்துத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடும். பல்லே வடிகட்டி.

திமிங்கலங்களைக் கொன்றபோது கிரில் பெருகியிருக்க வேண்டுமே?

எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. தின்ன ஆளில்லாமல் மிஞ்சும் கிரில் மலைபோலக் குவியும் என்று 1970களில் கணக்குப் போட்டார்கள். சோவியத் கப்பல்கள் அந்த மிச்சத்தை அள்ளப் போனதும் இந்த நம்பிக்கையில்தான். ஆனால் கிரில் எதிர்பார்த்தபடி பெருகியதற்குத் தடயம் இல்லை.

2021இல் வந்த ஓர் ஆய்வு இந்தப் புதிரை இன்னும் கூர்மையாக்கியது. திமிங்கலங்களின் முதுகில் கருவி ஒட்டி, ஒரு நாளில் எத்தனை முறை வாய் திறக்கின்றன என்று எண்ணினார்கள். வேட்டைக்கு முந்தைய காலத்தில் தென்துருவக் கடலின் திமிங்கலங்கள் ஆண்டுக்குச் சுமார் 43 கோடி டன் கிரில் தின்றிருக்கும் என்று கணக்கு வந்தது. இன்றிருக்கும் மொத்தக் கிரிலைவிட அது அதிகம். அப்படியானால் அன்று கிரிலும் இன்றைவிட எவ்வளவோ அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

விளக்கம் சாணத்தில் இருக்கிறது. தென்துருவக் கடலில் இரும்புச் சத்துக்குப் பஞ்சம், அதனால் பாசி வளர்ச்சி தடைப்படுகிறது. திமிங்கலத்தின் கழிவில் இருக்கும் இரும்பு, அங்குள்ள கடல்நீரில் இருப்பதைவிட ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு செறிவு. திமிங்கலம் கிரிலைத் தின்று, மேல்மட்டத்தில் கழித்து, பாசிக்கு உரம் போட்டது. அந்தப் பாசியைக் கிரில் தின்றது. மாடும் போய் எருவும் போன வயல் மாதிரி ஆகிவிட்டது என்பதுதான் வாதம். எனக்கு இது சரியாகப் படுகிறது. ஆனாலும் ஒரு முழுக் கடலை வைத்து யாரும் சோதித்துப் பார்த்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிரில் ஆய்வைத் தொடங்கியது யார்?

திமிங்கல எண்ணெய் மீதான வரி! தெற்கு ஜார்ஜியாவில் வேட்டைக் கம்பெனிகளிடம் வசூலித்த பணத்தில், 'டிஸ்கவரி ஆய்வுகள்' என்ற பெயரில், பிரிட்டன் 1925 முதல் கப்பல்களை அனுப்பியது. திமிங்கலம் எங்கே போகும் என்று தெரிய வேண்டுமானால் அதன் இரை எங்கே என்று தெரிய வேண்டும் என்பது நோக்கம். அதில் வேலை பார்த்த ஜேம்ஸ் மார், தென்துருவப் பயணி ஷாக்கில்டனின் கடைசிப் பயணத்தில் சாரணச் சிறுவனாகக் கப்பலேறியவர். கிரிலைப் பற்றிய அவருடைய பெரிய ஆய்வுநூல் 1962இல் வந்தது. அந்தக் கால வலைப் பதிவுகள்தான் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும் பழைய கணக்கு.

வெப்பமயமாதலால் கிரில் குறைகிறதா?

இங்கே ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. 1926 முதலான வலைப் பதிவுகளைத் திரட்டிய ஆங்கஸ் அட்கின்சனும் குழுவினரும் 2004இல் தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் 1970களுக்குப் பிறகு கிரில் அடர்த்தி சரிந்தது என்றார்கள். அதே பதிவுகளை வேறு விதமாகக் கணக்கிட்ட இன்னொரு குழு 2018இல் சரிவு தெரியவில்லை என்றது. வலையின் அளவு, இழுத்த ஆழம், இரவா பகலா, எந்த மாதம் என்பதெல்லாம் பதிவுக்குப் பதிவு மாறியதால் வந்த வம்பு. 2019இல் அட்கின்சன் குழு மறுபடி வந்து, கிரிலின் மையப்பகுதி 90 ஆண்டுகளில் தெற்கே சுமார் 440 கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது என்றது. மொத்தத்தில் குறையவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், கூட்டுக்கும் கடலுக்குமாகப் போய்வரும் பென்குயினுக்கு இரை நகர்ந்ததும் இரை குறைந்ததும் ஒன்றுதான்.

கடல் அமிலமாவது தனிப் பிரச்சினை. கரியமில வாயுவை ஏற்றிய தண்ணீரில், வளர்ந்த கிரில்கள் ஓராண்டு சோதனையைப் பெரிய சேதமில்லாமல் தாண்டின. முட்டைகளுக்கு அந்தத் தெம்பு இல்லை. வாயு மிக அதிகமாகும்போது பொரிப்பது மளமளவென்று குறைகிறது. முட்டை மூழ்கிப்போகும் ஆழத்தில் கரியமில வாயு ஏற்கெனவே மேலே இருப்பதைவிட அதிகம்.

கிரில் கரியமில வாயுவைக் குறைக்கிறது என்கிறார்களே?

பாசி உறிஞ்சிய கரியை (கார்பனை) பாசியோடு சேர்த்துத் தின்று, கயிறு கயிறாகக் கழிக்கிறது. அந்தக் கழிவு வேகமாக ஆழத்துக்கு மூழ்குகிறது. ஆண்டுக்குக் குறைந்தது 2 கோடி டன் கரி இப்படி நூறாண்டுக்காவது ஆழத்தில் தங்குகிறது என்று 2024இல் ஒரு கணக்கு வந்தது. இதிலும் 'எங்கே' என்பதே முக்கியம். கூட்டமாக இருக்கும் இடத்தில்தான் கழிவு மழைபோல இறங்கும்.

மரபணு?

2023இல் முழுதாகப் படித்துவிட்டார்கள். 4800 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப் போலச் சுமார் பதினைந்து மடங்கு. பெரும்பகுதி ஒன்றையே திரும்பத் திரும்ப நகலெடுத்தது.

மனிதர்கள் எவ்வளவு பிடிக்கிறார்கள்? கட்டுப்பாடு உண்டா?

உண்டு. 1982இல் நடைமுறைக்கு வந்த ஓர் உடன்படிக்கையின் கீழ், ஹோபார்ட்டில் இயங்கும் அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம் இதைக் கவனிக்கிறது. இந்தியாவும் உறுப்பினர். திமிங்கலமும் பென்குயினும் தின்பதற்கு ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மனிதனுக்குப் பங்கு என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்த மீன்பிடிச் சட்டம் என்ற வகையில் எனக்கு இதன் மேல் மரியாதை உண்டு.

அட்லாண்டிக் பகுதிக்கு உச்ச வரம்பு 56.1 லட்சம் டன். ஆனால் நடைமுறையில் 6.2 லட்சம் டன்னைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். பிடிப்பை எல்லா இடத்துக்கும் பிரித்துக்கொள்ள ஏற்பாடு வரும்வரை இந்த நிறுத்தக்கோடு. 6.2 லட்சம் என்பது 6 கோடியில் நூற்றுக்கு ஒன்று. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். கப்பல்கள் அந்த ஒரு பங்கை எங்கிருந்து எடுக்கின்றன என்று பாருங்கள்: பென்குயின் குஞ்சு பொரித்திருக்கும் கரைக்கு எதிரே, திமிங்கலங்கள் கூடும் நீரிணைகளில். நார்வே முன்னணியில் இருக்கிறது. சீனா, தென்கொரியா, சிலி, உக்ரைன் கப்பல்களும் உண்டு. இன்றைய பெரிய கப்பல்கள் வலையை மேலே தூக்குவதுகூட இல்லை, வலையின் வாலிலிருந்து குழாய் போட்டுக் கிரிலை உறிஞ்சிக்கொண்டே போகின்றன.

இதைத் தடுக்கத்தான் 2009 முதல் துணைப்பகுதி வாரியாக வரம்பு இருந்தது. தீபகற்பப் பகுதிக்கு 1.55 லட்சம் டன். 2024இல் உறுப்பு நாடுகள் உடன்படாததால் அந்த விதி காலாவதியானது. அடுத்த பருவத்திலேயே, 2025 ஆகஸ்டில், மொத்தப் பிடிப்பு வரலாற்றில் முதல் முறையாக நிறுத்தக்கோட்டை எட்டி, பருவம் முடியுமுன் மீன்பிடிப்பை மூட வேண்டியதாயிற்று.

நாம் சாப்பிடலாமா?

பிடித்ததில் பெரும்பகுதி சால்மன் பண்ணைத் தீவனமாகவும் எண்ணெய் மாத்திரையாகவும் போகிறது. நேரடி உணவாக ஆகாததற்குக் காரணம், செத்த உடனே அதன் சொந்தச் செரிமான நொதிகளே உடம்பைக் கரைத்துவிடும். ஓட்டில் ஃபுளோரைடும் அதிகம். ஓட்டை உடனே நீக்காவிட்டால் சதைக்குள் இறங்கும். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் கிரில் மாத்திரையிலிருந்தும் விலகி இருப்பது நல்லது.

இலங்கைக் கரையோரம் வரும் நீலத் திமிங்கலமும் கிரிலைத்தான் தின்கிறதா?

நீலத் திமிங்கலம் என்றாலே கிரில் என்று மனப்பாடம் செய்த எனக்கு இந்தப் பதில் ஆச்சரியம்தான். வங்கக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் சின்னக் கிரில் இனங்கள் உண்டு. ஆனால் அஷா டி வோஸ் என்ற இலங்கை ஆய்வாளரும் கூட்டாளிகளும் அந்தப் பக்கத்துத் திமிங்கலங்களின் கழிவைச் சேகரித்து, அதில் மிஞ்சிய டிஎன்ஏவைப் படித்து 2018இல் வெளியிட்டார்கள். அங்கே அவை பெரும்பாலும் தின்பது கிரிலை அல்ல, செர்ஜெஸ்டிட் என்ற குட்டி இறால் வகையை. கருவாட்டுக் கடைக் கூனியின் குடும்பம் அது.